மோட்டார் இன்ஷூரன்ஸும் மாறும் நிலைமைகளும்

வண்டி வைத்திருக்கும் அன்பர் ஒருவரிடம், "உங்கள் வண்டிக்கு இன்ஷூரன்ஸ் உண்டா?" என்று கேளுங்கள். "உண்டு" என்று உடனே பதில் வரும். "அந்தப் பாலிசியில் யார் பெயர் இருக்கிறது? எந்த ஊர் முகவரி இருக்கிறது? எந்தக் காரியத்திற்காக ஓட்டும் வண்டி என்று எழுதியிருக்கிறது?" என்று அடுத்துக் கேளுங்கள். பெரும்பாலோர் விழிப்பார்கள்.

இன்ஷூரன்ஸ் ஓர் ஒப்பந்தம். இன்னார் பெயரில், இன்ன ஊரில் பதிவான, இன்ன வண்டியை, இன்ன காரியத்திற்கு ஓட்டும்போது நேரும் நஷ்டத்தை நாங்கள் ஏற்கிறோம் என்று கம்பெனி எழுதிக் கொடுக்கிறது. பெயரோ, ஊரோ, காரியமோ, வண்டியின் அமைப்போ மாறினால் ஒப்பந்தத்தின் ஆதாரமும் மாறிவிடுகிறது. காகிதம் மட்டும் பழையபடியே பெட்டிக்குள் இருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து டில்லிக்கு வந்து படிக்கும் நமக்கு இவ்விஷயம் மிகவும் நெருக்கமானது. அப்பா பெயரில் உள்ள மோட்டார் சைக்கிளை ரயிலில் பார்சல் போட்டு வரவழைப்பவர் உண்டு. படிப்பு முடிந்து போகும் சீனியரிடம் பழைய வண்டியை வாங்குபவர் உண்டு. படிப்பு முடிந்ததும் வேலை கிடைத்து முதல் காரை வாங்கப் போகிறவரும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டியது ஒன்றுதான். மாற்றத்தைக் கம்பெனிக்குத் தெரிவிக்க ஆகும் செலவு சொற்பம். தெரிவிக்காமல் இருந்தால் வரும் நஷ்டம் பெரிது. இதைக் கணக்கோடு பார்ப்போம்.

பாலிசியின் மூன்று பங்குகள்

முதற்பங்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ். நம் வண்டியால் பிறருக்கு உயிர்ச்சேதமோ, காயமோ, பொருட்சேதமோ நேர்ந்தால் அதற்குரிய நஷ்டஈட்டைக் கம்பெனி கொடுப்பது இது. இங்கிலாந்தில் 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாயமான இம்முறை, நம் நாட்டில் 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் இடம் பெற்று, 1946 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. இன்றுள்ள 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146-ஆம் பிரிவும் இதையே கட்டாயமாக்குகிறது. இது இன்றி வண்டி ஓட்டினால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இப்பங்கின் பிரீமியத்தை அரசு நிர்ணயிக்கிறது. எஞ்சினின் அளவே அதற்கு முக்கிய அளவுகோல். 2022 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்த விகிதப்படி 1,000 சி.சி.க்கு மேற்படாத காருக்கு 2,094 ரூபாய். 75-க்கு மேல் 150 சி.சி. வரையுள்ள இருசக்கர வண்டிக்கு 714 ரூபாய். ஓட்டுபவர் இளைஞரா, முதியவரா, சென்ற ஆண்டு விபத்து செய்தாரா என்பதெல்லாம் இந்தத் தொகையை அசைப்பதில்லை.

இரண்டாம் பங்கு நம் வண்டிக்கே நேரும் சேதத்திற்கும் திருட்டுக்கும் உரியது. இது கட்டாயமன்று. 2007 ஜனவரி முதல் இதன் விகிதத்தைக் கம்பெனிகள் தாமே வகுத்துக்கொள்கின்றன. நிலைமை மாறும்போது பிரீமியம் ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் இப்பங்கில்தான்.

மூன்றாம் பங்கு, வண்டியின் சொந்தக்காரர் தாமே ஓட்டும்போது இறந்தாலோ ஊனமுற்றாலோ கிடைக்கும் விபத்துப் பாதுகாப்பு. 2018-இல் இத்தொகை 15 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது.

ஊர் மாறினால்

முதலில் ஒரு நல்ல செய்தி. மதுரையில் எடுத்த பாலிசி டில்லியில் செல்லாதோ என்ற அச்சம் வேண்டாம். இந்தியா முழுவதும் அது செல்லும். வண்டியை ரயிலிலோ லாரியிலோ அனுப்பும்போது வழியில் சேதமானால், அதையும் முழுப் பாலிசியின் இரண்டாம் பங்கு ஏற்கிறது. எனவே பார்சல் ஆபீசில் வண்டியை ஒப்படைக்கும் நாளில் அந்தப் பங்கு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் வண்டி இங்கேயே தங்கிவிட்டால் கதை வேறு. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி மற்றொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் இருந்தால், அங்கே புதுப் பதிவு எண் பெற வேண்டும் என்கிறது சட்டத்தின் 47-ஆம் பிரிவு. சொந்தக்காரர் வீடு மாறினால் 30 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 49-ஆம் பிரிவு. எண் மாறியதும் பாலிசியிலும் அது மாற வேண்டும். பழைய எண் உள்ள பாலிசியோடு புது எண் கொண்ட வண்டிக்கு நஷ்டஈடு கேட்டால், இரண்டும் ஒரே வண்டிதான் என்று நிரூபிப்பதற்கே பல நாள் போய்விடும்.

ஊர் மாறினால் பிரீமியம் எவ்வளவு மாறும்? 2002-ஆம் ஆண்டு இந்திய மோட்டார் டாரிஃப் நாட்டை இரண்டு மண்டலங்களாகப் பிரித்தது. அகமதாபாத், பெங்களூர், சென்னை, ஹைதராபாத், கொல்கத்தா, மும்பை, புதுடில்லி, புணே ஆகிய எட்டு நகரங்கள் முதல் மண்டலம். மற்ற ஊர்கள் எல்லாம் இரண்டாம் மண்டலம். வண்டி ஓடும் இடத்தைப் பார்ப்பதில்லை. பதிவான அலுவலகம் இருக்கும் இடத்தையே பார்ப்பார்கள். ஐந்து ஆண்டுக்கு மேற்படாத, 1,000 சி.சி.க்குட்பட்ட காருக்கு அந்த டாரிஃபில் முதல் மண்டல விகிதம் 3.127 சதவீதம், இரண்டாம் மண்டல விகிதம் 3.039 சதவீதம். காரின் மதிப்பு 4 லட்சம் எனக் கொண்டால், மதுரைப் பதிவுக்கு 12,156 ரூபாய், டில்லிப் பதிவுக்கு 12,508 ரூபாய். வித்தியாசம் 352 ரூபாய். 70,000 ரூபாய் மதிப்புள்ள 150 சி.சி. மோட்டார் சைக்கிளுக்கு இதே கணக்கைப் போட்டால் வித்தியாசம் 23 ரூபாயைத் தாண்டாது. இன்று கம்பெனிக்குக் கம்பெனி விகிதம் வேறுபடும். எனினும் ஊர் மாற்றத்தைச் சொன்னால் பிரீமியம் மலைபோல் ஏறிவிடும் என்று அஞ்சுவது வீண் என்பதற்கு இக்கணக்கே போதும்.

இன்னொரு குறிப்பு. விடுமுறையில் நேபாளத்திற்கு வண்டியில் போய்வர நினைக்கும் நண்பர்கள் கவனிக்க: பாலிசியின் எல்லை இந்தியாவோடு முடிகிறது. நேபாளம், பூட்டான், வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு ஆகிய நாடுகளுக்குத் தனிப் பிரீமியம் கட்டி எல்லையை விரித்துக்கொள்ளலாம். புறப்படுமுன் இதைச் செய்தாக வேண்டும்.

கை மாறினால்

நம்மிடையே மிகுதியாக நடப்பதும், மிகுந்த ஆபத்து உடையதும் இதுவே. ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் ஹாஸ்டல் வாசலில் வண்டிகள் கை மாறுகின்றன. "பேரு மாத்த வேண்டாமா அண்ணே?" என்று ஜூனியர் கேட்பார். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் தம்பி, இன்ஷூரன்ஸ் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு" என்று சீனியர் சாவியைக் கொடுத்துவிட்டு ரயில் ஏறுவார். அந்த ஜூனியர் சீனியராகி, அதே வண்டியை அதே வார்த்தைகளோடு இன்னொருவருக்கு விற்பார். ஆர்.சி. புத்தகத்தில் முதலாமவர் பெயரே நிற்கும்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? வண்டி விற்கப்பட்டால் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் வாங்கியவர் பெயருக்கு மாறியதாகவே கருதப்படும் என்று 157-ஆம் பிரிவு கூறுகிறது. வழியில் அடிபடும் அப்பாவிக்கு நஷ்டஈடு கிடைக்காமல் போகக்கூடாது என்பதே இதன் நோக்கம். ஆனால் வாங்கியவர் 14 நாட்களுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும் அப்பிரிவு விதிக்கிறது. வண்டியின் சொந்தச் சேதத்திற்கும் திருட்டுக்கும் உரிய இரண்டாம் பங்கு இவ்வாறு தானாக மாறுவதில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 1990-களிலேயே தெளிவாக்கிவிட்டது. ஆகவே பெயர் மாற்றாத வண்டி களவு போனால், விற்றவர் கேட்க முடியாது, வண்டி அவருடையதன்று. வாங்கியவரும் கேட்க முடியாது, பாலிசி அவருடையதன்று. கட்டிய பிரீமியம் இருவருக்கும் பயன்படாமல் போகிறது.

விற்றவருக்கு இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஒரு கார் கைமாறிக் கைமாறிப் பலரிடம் போய், கடைசியில் வைத்திருந்தவரிடம் இருந்தபோது விபத்து நேர்ந்தது. ஒரு குழந்தை இறந்தது. பதிவுப் புத்தகத்தில் மட்டும் முதலில் விற்றவர் பெயரே இருந்தது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கில், பதிவுப் புத்தகத்தில் எவர் பெயர் உள்ளதோ அவரே சட்டத்தின் பார்வையில் சொந்தக்காரர், நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று தீர்ப்பளித்தது. மூன்றாண்டுக்கு முன் விற்றுவிட்டு, வேலையில் அமர்ந்து, வண்டியையே மறந்துவிட்ட சீனியருக்கு ஒரு நாள் நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

"இன்ஷூரன்ஸ் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு" என்ற பேச்சிலும் ஒரு பொறி உண்டு. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவ நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்பு குறித்து 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2018 ஜூலையில் ஓர் உத்தரவு இட்டது. அதன்படி 2018 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து புதிய காருக்கு மூன்று ஆண்டு, புதிய இருசக்கர வண்டிக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் ஒரே தடவையில் எடுக்கப்படுகிறது. ஆனால் சொந்தச் சேதப் பங்கு பல வண்டிகளுக்கு ஓராண்டோடு முடிந்துவிடுகிறது. "இன்னும் ரெண்டு வருஷம்" இருப்பது எந்தப் பங்கு என்று பார்த்து வாங்குவதே அறிவுடைமை.

பெயர் மாற்ற ஆகும் செலவு எவ்வளவு? 2002 டாரிஃபில் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய கட்டணம் 50 ரூபாய். பழைய சொந்தக்காரர் பெற்ற போனஸ் சலுகையில் மீதியுள்ள நாட்களுக்குரிய பங்கை வாங்குபவர் கட்ட வேண்டும். சொந்தக்காரர் விபத்துப் பாதுகாப்பையும் வாங்குபவர் தம் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும். விற்றவருக்காக எடுத்தது இவருக்கு உதவாது.

ஓட்டுபவர் மாறினால்

முறையான லைசென்ஸ் உடைய எவரும், சொந்தக்காரரின் அனுமதியோடு வண்டியை ஓட்டலாம், பாலிசி கெடாது. ஆதலால் அப்பாவின் வண்டியை மகனோ மகளோ ஓட்டுவதில் தடையில்லை. ஆனால் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். 15 லட்ச ரூபாய் விபத்துப் பாதுகாப்பு, ஆர்.சி. புத்தகத்தில் பெயருள்ள சொந்தக்காரர் ஓட்டும்போது மட்டுமே. அப்பா தஞ்சாவூரில் இருக்க, மகன் டில்லியில் ஓட்டி விபத்தில் சிக்கினால், அந்தத் தொகை மகனுக்குக் கிடைக்காது. மூன்றாம் நபர் என்ற முறையில் தம் வண்டியின் கம்பெனியிடம் கேட்கலாமா என்றால் அதுவும் கடினம். இரவல் வண்டி ஓட்டியவர் சொந்தக்காரரின் இடத்தில் நிற்பவரே ஆவார் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியிருக்கிறது.

இது எளிதில் தீர்க்கக்கூடிய குறை. வண்டியைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். அல்லது தம் பெயரில் தனி விபத்துப் பாலிசி ஒன்று எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் அப்பாவிடம் இதைப் பேசத் தயங்கும் நண்பர்கள் இந்தக் கட்டுரையைக் காட்டியாவது பேசட்டும்.

பின்னால் அமர்ந்து வருபவர் நிலையும் சிந்திக்கத் தக்கது. சட்டம் கேட்கும் குறைந்த அளவுப் பாலிசி மட்டும் உள்ள இருசக்கர வண்டியில் இலவசமாக ஏற்றிச் செல்லப்படுபவருக்குக் கம்பெனி பொறுப்பன்று என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. சொந்தச் சேதப் பங்கும் சேர்ந்த முழுப் பாலிசியில் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க முழுப் பாலிசியைக் கைவிடும்போது, அம்மிச்சம் நண்பனின் பாதுகாப்பிலிருந்து பிடிக்கப்படுகிறது என்பதை மறக்கலாகாது.

லைசென்ஸும் மாறும் நிலைமைகளில் ஒன்றே. காலாவதியான பிறகும் 30 நாள் செல்லும் என்ற பழைய சலுகை 2019 திருத்தத்தில் நீக்கப்பட்டது. முறையான லைசென்ஸ் இன்றி ஓட்டி விபத்து நேர்ந்தால், அடிபட்டவருக்குக் கம்பெனி பணம் கொடுத்துவிட்டு, பின்னர் அதைச் சொந்தக்காரரிடம் வசூலிக்கலாம். அடிபட்டவர் காப்பாற்றப்படுகிறார், கடன் நம் வீட்டு வாசலுக்கு வருகிறது.

உபயோகமும் உருவமும் மாறினால்

சொந்த உபயோகத்திற்கான பாலிசியில் சில விலக்குகள் தெளிவாக அச்சிடப்பட்டிருக்கும்: வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டுதல், சரக்கு ஏற்றுதல், ஏற்பாடு செய்த பந்தயம், வேகப் பரீட்சை முதலியன. சனி ஞாயிறுகளில் வகுப்புத் தோழருக்கு வண்டியை நாள் வாடகைக்கு விடுபவரும், மாலையில் உணவுப் பொட்டலம் கொண்டு கொடுத்துச் சம்பாதிப்பவரும் இவ்விலக்கை ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டும். உழைத்துப் படிப்பது பெருமைக்குரியது. அந்த உழைப்பு பாலிசிக்கு வெளியே நிற்கக்கூடாது என்பதுதான் நம் கவலை. வேலை கொடுப்பவர் என்ன இன்ஷூரன்ஸ் தருகிறார் என்று கேட்டு, தம் கம்பெனியிடமும் எழுதிக் கேட்டு, தேவையான மாற்றத்தைச் செய்துகொள்வது நலம்.

வண்டியின் உருவத்தை மாற்றுவோரும் கவனிக்க வேண்டும். தயாரித்தவர் கொடுத்த விவரத்திற்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்பது சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை வற்புறுத்தியது. அனுமதிக்கப்பட்ட மாற்றங்களைச் சொல்லிவிட்டால் செலவு அதிகமில்லை. காரில் பெட்ரோலோடு காஸ் கிட் பொருத்தினால் முதலில் ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும். பின்னர் 2002 டாரிஃப்படி கிட் மதிப்பில் 4 சதவீதமும், மூன்றாம் நபர் பங்கிற்கு 60 ரூபாயும் கூடும். 50,000 ரூபாய் கிட்டுக்கு ஆண்டுக்கு 2,060 ரூபாய். சொல்லாமல் பொருத்தி, அந்தக் கார் தீப்பற்றினால் கம்பெனி எழுப்பும் முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும்.

காலம் மாறினால்

ஒன்றுமே செய்யாவிடினும் காலம் மாறிக்கொண்டே இருக்கிறது. வண்டி முழுதும் அழிந்தாலோ களவு போனாலோ கிடைக்கும் தொகை, பாலிசியில் ஐ.டி.வி. என்று எழுதிய மதிப்பே. புது விலையிலிருந்து ஓராண்டு தாண்டி இரண்டு ஆண்டு வரை 20 சதவீதம், மூன்று ஆண்டு வரை 30, நான்கு ஆண்டு வரை 40, ஐந்து ஆண்டு வரை 50 சதவீதம் என இது குறையும். அதன் பின் இரு தரப்பும் பேசி நிர்ணயிப்பது. பிரீமியம் குறைகிறதே என்று மகிழ்பவர், கிடைக்கும் தொகையும் குறைகிறது என்பதை உணர வேண்டும். மதிப்பை வேண்டுமென்றே தாழ்த்தி எழுதுவது சிக்கனம் ஆகாது.

நஷ்டஈடு கேட்காமல் ஓட்டியவருக்கு நோ கிளெய்ம் போனஸ் உண்டு. சொந்தச் சேதப் பிரீமியத்தில் முதலாண்டுக்கு 20 சதவீதம், பின்னர் 25, 35, 45, ஐந்தாம் ஆண்டுக்கு 50 சதவீதம் வரை தள்ளுபடி. ஒரு கிளெய்ம் செய்தால் அது அறவே நீங்கும். மூன்றாண்டு போனஸ் பெற்ற ஒருவரின் சொந்தச் சேதப் பிரீமியம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவர் காரில் 2,000 ரூபாய்க்கு ஒரு கீறல். சொந்தக்காரரே ஏற்க வேண்டிய 1,000 போகக் கம்பெனி தருவது 1,000. அதைப் பெற்றதால் அடுத்த ஆண்டு அவர் இழப்பது 4,500 ரூபாய்ச் சலுகை. சிறு கீறலுக்குக் கைக்காசைச் செலவழிப்பதே லாபம்.

இந்த போனஸ் வண்டியைச் சேர்ந்ததன்று, ஆளைச் சேர்ந்தது. பழைய காரை விற்றுப் புதுக் கார் வாங்குபவர், கம்பெனியிடம் கடிதம் பெற்றுத் தம் போனஸைக் கொண்டு போகலாம். அக்கடிதம் மூன்றாண்டு செல்லும். பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் போனஸ் போய்விடும். விடுமுறைக்கு ஊருக்குப் போய், வண்டியை ஹாஸ்டல் கொட்டகையில் விட்டுத் தேதியை மறக்கும் நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்க. பெறாத போனஸைப் பெற்றதாகப் பொய் எழுதினால், சொந்தச் சேதப் பங்கு முழுவதும் பறிபோகும்.

சொல்ல மனம் வராத ஒரு மாற்றமும் உண்டு. பாலிசிதாரர் இறந்துவிட்டால் பாலிசி அன்றே முடிந்துவிடுவதில்லை. இறந்த நாளிலிருந்து மூன்று மாதம் வரை, அல்லது பாலிசியின் கெடு வரை, இவற்றுள் எது முந்தியதோ அதுவரை உயிரோடிருக்கும். அதற்குள் வாரிசு தம் பெயருக்கு மாற்ற வேண்டும். பொதுவாக ஆளோடு போகும் போனஸ், இந்தச் சந்தர்ப்பத்தில் மனைவிக்கோ, கணவருக்கோ, பிள்ளைகளுக்கோ, பெற்றோருக்கோ வண்டியோடு சேர்ந்து வருகிறது. துக்கத்தில் ஆழ்ந்த குடும்பத்திற்கு இதை நினைவூட்டுவது படித்த பிள்ளையின் கடமை.

நாம் செய்ய வேண்டுவன

பாலிசியை எடுத்து, பெயர், முகவரி, பதிவு எண், உபயோகம், ஒவ்வொரு பங்கின் முடிவுத் தேதி ஆகிய ஐந்தையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். வேறுபாடு கண்டால் கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவித்து, எண்டார்ஸ்மெண்ட் எனப்படும் திருத்தச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல்லும் தொலைபேசிப் பேச்சும் போதா. கூடுதல் பிரீமியம் உண்டானால் அன்றே கட்டுங்கள். பிரீமியம் கைக்கு வராமல் கம்பெனி பொறுப்பேற்கக் கூடாது என்பது 1938-ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தின் விதி. வண்டியை விற்பவர் பணம் வாங்கும் அன்றே பெயர் மாற்றப் பாரங்களில் கையெழுத்திட்டு, மாற்றம் முடிந்ததைக் கண்ணால் கண்ட பிறகே ஊருக்கு ரயில் ஏறுங்கள்.

இவையெல்லாம் ஒரு பகற்பொழுது வேலை; சில நூறு ரூபாய்ச் செலவு. வருகிற மே மாதம் ஹாஸ்டல் வாசலில் வண்டிகள் கை மாறும்போது, சாவியோடு பெயரும் மாறட்டும். வெள்ளம் வருமுன் அணை போடு என்று நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். பெயர் மாற்றாத வண்டி ஒன்று நம் கொட்டகையில் இப்போதும் நிற்கக்கூடும். அது யாருடையது என்று இன்றே விசாரியுங்கள்.